எம்.பி. வெளியிட்ட 'பணி அறிக்கை'யைச் சரிபார்ப்பது எப்படி? தொகுதி நிதி, நாடாளுமன்றம் இரண்டுக்கும் வழி தேவை

மேலத்தெரு (கேள்வி)

வணக்கம். எங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்திலிருந்து ஓர் அறிக்கை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பாதி முழுக்க டெல்லி: வருகை சதவீதம், கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள், எழுதிய கடிதங்கள். மறுபாதி தொகுதி: நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, ரேஷன் கடைக் கட்டடம், கலையரங்கம், ஒரு ரயில் நிறுத்தம். படிப்பக நண்பர்கள் சேர்ந்து இதை வரிக்கு வரி சரிபார்த்து, உள்ளதை உள்ளபடி ஊர்த் தகவல் பலகையில் எழுதிப்போடலாம் என்று இருக்கிறோம். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இல்லை. எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது, எந்த எண்ணை அப்படியே நம்பலாம், எதைத் தோண்டிப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை

டெல்லிப் பகுதியை நான் சொல்கிறேன். நிதி விவகாரத்தை ஓவர்சியர் ஐயா வந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

இரண்டு தளங்கள் போதும். நாடாளுமன்றப் பணிகளைத் தொகுத்துத் தரும் பி.ஆர்.எஸ். அமைப்பின் தளத்தில் ஒவ்வொரு எம்.பி.க்கும் ஒரு பக்கம் உண்டு. வருகை, கேள்வி, விவாதம், தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) ஆகியவற்றை மாநிலச் சராசரி, தேசியச் சராசரியோடு காட்டும். அறிக்கையில் உள்ள எண் சரியா என்று பார்க்க அது போதும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க, நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்துக்குப் போய் அசல் தாளையே திறக்க வேண்டும். எண்ணோடு நின்றுவிட்டால் நீங்கள் எழுதிப்போடும் பலகையும் இன்னொரு விளம்பரமாகிவிடும்.

கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி (அவையில் வாய்மொழிப் பதிலுக்கானது) 20, குறியிடாத கேள்வி (எழுத்துப் பதிலுக்கானது) 230. உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எது பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. அதனால் எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே ஒருவர் சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. கூடுதலாக இருந்தாலும் கவனம் தேவை. ஒரே பொருளில் பலர் கொடுத்த கேள்விகளைச் செயலகம் ஒன்றாகச் சேர்த்துவிடும். பதில் தாளின் தலைப்பில் நாலைந்து எம்.பி.க்களின் பெயர் வரிசையாக இருந்தால் அது அப்படிச் சேர்க்கப்பட்டது. அத்தனை பேர் கணக்கிலும் ஒன்று ஏறும்.

அடுத்து, கேள்வி எதைக் கேட்கிறது என்று படியுங்கள். "நாட்டில் மாநில வாரியாக மருத்துவக் கல்லூரிகள் எத்தனை" என்பது இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவல். அதற்குப் பதிலாக, மதுரை எய்ம்ஸ் கட்டுமானம் எந்த நிலையில் இருக்கிறது, செலவு ஏன் கூடியது, எப்போது முடியும் என்று கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் விடாமல் கேட்டால் அது வேலை. 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய அந்தத் திட்டத்தின் மதிப்பீடு 1,264 கோடியில் இருந்து 1,977.80 கோடி ரூபாயாக ஏறியதும், அதில் பெரும்பங்கு ஜப்பானின் ஜைகா கடன் என்பதும் அமைச்சகத்தின் பதில்களில் பதிவாகி இருக்கின்றன. உங்கள் எம்.பி.யின் கேள்விகளில் உங்கள் மாவட்டத்தின் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். தேடும்போது ஊர்ப் பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். தூத்துக்குடி என்றும் இருக்கும், டூட்டிகோரின் என்றும் இருக்கும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று சொன்னால், அது அரசு அளித்த உறுதிமொழியாகக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்கவே உறுதிமொழிகள் குழு இருக்கிறது. உங்கள் எம்.பி. வாங்கிய உறுதிமொழிகள் என்னவாயின, அவர் மறுபடி அதையே துரத்தினாரா என்று பார்ப்பது, கேள்விகளின் கூட்டுத்தொகையைவிடப் பத்து மடங்கு பயன்.

நட்சத்திரக் கேள்வியின் மதிப்பே அமைச்சரிடம் நேருக்கு நேர் துணைக் கேள்வி கேட்க முடியும் என்பதுதான். கேள்வி நேரம் அமளியில் போனால் அந்த வாய்ப்பும் போய்விடும். பதில் எழுத்தில் மட்டும் வைக்கப்படும். 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் மக்களவையில் பட்டியலிட்ட நட்சத்திரக் கேள்விகள் 419, வாய்மொழிப் பதில் கிடைத்தது 55-க்கு மட்டும். அறிக்கையில் "நட்சத்திரக் கேள்வி எழுப்பினார்" என்று இருந்தால், அது அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டதா என்று அன்றைய நடவடிக்கைக் குறிப்பைத் திறந்து பாருங்கள்.

"விவாதம்" என்ற தலைப்பில் எல்லாம் கலந்துகிடக்கும். பட்ஜெட் மீது பத்து நிமிடம் பேசியதும் ஒன்று, பூஜ்ய நேரத்தில் (அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம்) ஒரு நிமிடம் பேசியதும் ஒன்று. பூஜ்ய நேரத்தில் எழுப்பியதற்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விதி 377-இன் கீழ் கொடுப்பது 250 சொற்களுக்குள் எழுதிய கோரிக்கை; அதற்குத் துறை அமைச்சர் பிறகு உறுப்பினருக்கு எழுத்தில் பதில் அனுப்புவார். அந்தப் பதில் கடிதத்தை எம்.பி. அலுவலகத்திலேயே கேட்டு வாங்கலாம், பொதுவாகக் கொடுத்துவிடுவார்கள். நேரமில்லாதபோது பேச்சைப் படிக்காமல் எழுத்தாக அவையில் வைக்கவும் அனுமதிப்பார்கள்; நடவடிக்கைக் குறிப்பில் அப்படி வைத்ததாக ஓர் அடையாளம் இருக்கும்.

தனிநபர் மசோதா பற்றி எதிர்பார்ப்பு வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை 14 மட்டும், கடைசியாக 1970-இல். அதற்காகப் பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டவில்லை; ஆனால் ஒன்றிய அரசு தன் பங்குக்கு மசோதா கொண்டுவர வேண்டி வந்தது, 2019-இல் சட்டம் வந்தது.

---

பொன்வண்டு

வைகைக்கரை சொன்னதோடு மூன்று சேர்க்கிறேன்.

வருகை சதவீதம்: அன்றைக்கு வருகை பதிவானதா என்பது மட்டுமே கணக்கு. அவையில் ஐந்து நிமிடம் இருந்தவருக்கும் இரவு வரை இருந்தவருக்கும் ஒரே மதிப்பு. அமைச்சர்கள், அவைத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகியோர் வருகையைப் பதிவு செய்வதில்லை. அவர்கள் பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இப்போதைய மக்களவையில் தமிழ்நாட்டின் 39 பேரில் ஒன்றிய அமைச்சர் யாரும் இல்லாததால் உங்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

நிலைக்குழு: உண்மையான உழைப்பு நடக்கும் இடம் இது, பி.ஆர்.எஸ். எண்ணில் இது வராது. துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டம் மூடிய அறையில் நடக்கும். ஆனால் குழுவின் அறிக்கை வெளிவரும்போது கடைசியில் கூட்டக் குறிப்புகளைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பார்கள், அதில் அன்றைக்கு வந்திருந்த உறுப்பினர்களின் பெயர் வரிசை இருக்கும். உங்கள் எம்.பி. எந்தக் குழு என்று கண்டுபிடித்து, அந்தக் குழுவின் நாலைந்து அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். யார் ஒழுங்காகப் போகிறார், யார் பெயருக்கு இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். குறிப்பிட்ட விஷயத்தில் உடன்படாதவர்கள் மாற்றுக்கருத்துக் குறிப்பு கொடுத்திருந்தால் அதுவும் அதிலேயே அச்சாகும்.

கடிதம்: எத்தனை எழுதினார் என்பதைவிட எதற்குப் பதில் வந்தது என்பதே முக்கியம். மதுரை எம்.பி. சு.வெங்கடேசன் சி.ஆர்.பி.எஃப். தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மையம் கேட்டு 2020-இல் ஆங்கிலத்தில் எழுதினார். பதில் இந்தியில் வந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், எந்த மொழியில் கடிதம் வந்ததோ அந்த மொழியில் பதில் கொடுக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பானது. ஒரு கடிதத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவது என்றால் இப்படித்தான். கேந்திரிய வித்யாலயா இடத்துக்குச் சிபாரிசு என்று யாராவது இப்போதும் அறிக்கையில் எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள், எம்.பி. ஒதுக்கீடு 2022-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

வாக்களிப்பில் அவர் நிலைப்பாட்டைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போகின்றன, தனித்தனிப் பெயர் பதிவாகாது. பதிவானாலும் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்பதால் அது கட்சியின் வாக்கு.

---

ஓவர்சியர்

நிதிப் பக்கம்.

ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், 2011-12 முதல் அதே தொகைதான். கொரோனாவுக்காக 2020 ஏப்ரலில் நிறுத்தி, 2021 நவம்பரில் திரும்பக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம் சொச்சம். எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஒவ்வொருவருக்கும் 3 கோடி. ஆக அதே ஆறு தொகுதிக்குள் எம்.எல்.ஏ.க்கள் பரிந்துரையில் 18 கோடி, எம்.பி. பரிந்துரையில் 5 கோடி. "எம்.பி. எங்கள் ஊருக்கு ஒன்றுமே செய்யவில்லை" என்று சொல்லும் முன் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எம்.பி. கைக்கு வராது. அவர் பரிந்துரைக்கிறார், அவ்வளவுதான். 2023 ஏப்ரல் முதல் இ-சாக்ஷி தளம் வழியாகப் பரிந்துரை. பிறகு கலெக்டர் அலுவலகம் தகுதி பார்க்கும், பி.டி.ஓ. அலுவலகமோ நகராட்சியோ மதிப்பீடு போடும், நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை, அளவு எடுத்து எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) பதிவு, பில், ஒப்பந்ததாரர் வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம். அறிக்கையில் "செய்து முடித்த பணி" என்று போட்டிருப்பது இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்பதே நீங்கள் பார்க்க வேண்டியது. பரிந்துரைக் கடிதம் கொடுத்த அன்றே சாதனைப் பட்டியலில் ஏற்றிவிடும் வழக்கம் எல்லாக் கட்சியிலும் உண்டு. எம்.பி. நிதித் திட்டத்தின் இணையதளத்தில் பரிந்துரைத்த பணிகள், முடிந்த பணிகள், செலவு என்று தனித்தனியாக இருக்கும். அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வேலை எங்கே சிக்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், எல்லாம் எம்.பி. தவறு கிடையாது. முதல் சிக்கல் இடம். கலையரங்கம் கட்டக் காட்டிய இடம் கிராம நத்தமா, நீர்நிலைப் புறம்போக்கா, கோயில் நிலமா என்று வருவாய்த் துறையின் அடங்கல் பதிவேட்டில் பார்த்த பிறகுதான் கோப்பு நகரும். நீர்நிலை என்றால் அங்கேயே நின்றுவிடும். நிழற்குடை மாநில நெடுஞ்சாலை ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். சாலை அகலப்படுத்தப் போகிறோம் என்று அவர்கள் சொன்னால் இடம் மாற்ற வேண்டும், எம்.பி.யிடமிருந்து திருத்திய பரிந்துரை வர வேண்டும், மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது, மதிப்பீடு பழைய விலையில் இருந்தால் டெண்டருக்கு ஆள் வராது.

மூன்றாவது பராமரிப்பு. உயர்கோபுர விளக்கை நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மின் கட்டணம் ஊராட்சி தலையில். அதனால் பராமரிப்பை ஏற்றுக்கொள்கிறோம் என்று பயன்படுத்தும் அமைப்பிடம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. விளக்கு எரியாத ஊரில் அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள்.

பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கு 15 சதவீதம், பழங்குடியினர் பகுதிக்கு 7.5 சதவீதம். 5 கோடியில் முறையே 75 லட்சம், 37.5 லட்சம். கோப்பில் அந்தத் தலைப்பில் எழுதிய தார்ச்சாலை நிஜமாகவே குடியிருப்புக்குள் போகிறதா, அல்லது அதன் முனையைத் தொட்டுவிட்டு வேறெங்கோ போகிறதா என்று நடந்து பாருங்கள். மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வழிபாட்டுத் தலத்துக்குள் செய்யும் வேலைக்கும், நிலம் வாங்கவும் இந்த நிதியைத் தொட முடியாது. "கோயில் மண்டபம் எம்.பி. நிதியில்" என்று எழுதியிருந்தால் அது வேறு பணமாக இருக்கும்.

---

மேலத்தெரு

மிக்க நன்றி. மூன்று சந்தேகம். ஒன்று, ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை) மனுவை யாருக்கு, எப்படி எழுதுவது? இரண்டு, அறிக்கையில் உள்ள ஒரு ரேஷன் கடைக் கட்டடத்தை எம்.எல்.ஏ. தரப்பும் தங்கள் கணக்கில் சொல்கிறார்கள். மூன்று, அந்த ரயில் நிறுத்தத்தை மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்!

---

ஓவர்சியர்

மனுவை எம்.பி. அலுவலகத்துக்குப் போடாதீர்கள், கோப்பு அங்கே இல்லை. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலர், கலெக்டர் அலுவலக வளாகம். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தொகுதி பல மாவட்டங்களில் பரவியிருந்தால் கவனம். பெரம்பலூர் தொகுதியை எடுத்துக்கொண்டால் அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் பெரம்பலூர் ஒன்றுதான் பெரம்பலூர் மாவட்டம். குளித்தலை கரூர் மாவட்டம், லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நான்கும் திருச்சி மாவட்டம். வேலை நடந்த மாவட்டத்தில் கேட்டால்தான் பில்லும் எம்-புக்கும் கிடைக்கும்.

"ஏன் தாமதம்", "யார் பொறுப்பு" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "இன்ன நிதியாண்டில் இன்ன ஒன்றியத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் பரிந்துரைக்கப்பட்ட பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பரிந்துரைத் தேதி, நிர்வாக அனுமதி ஆணை எண்ணும் தேதியும், மதிப்பீட்டுத் தொகை, பணி ஆணைத் தேதி, வழங்கிய தொகை, பணி நிறைவுச் சான்றின் நகல்." குறிப்பிட்ட ஒரு பணியில் சந்தேகம் என்றால் அதன் எம்-புக் நகலைத் தனி மனுவாகக் கேளுங்கள். ஒரே மனுவில் ஐந்தாண்டுக் கதை கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். பிரிவு 2(ஜே)யைக் குறிப்பிட்டு கோப்பை நேரில் பார்வையிடக் கேட்பது சிக்கனம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ரேஷன் கடை விஷயம் நிர்வாக அனுமதி ஆணையில் தீர்ந்துவிடும். எந்தத் திட்டம், எந்த ஆண்டு என்று முதல் பத்தியிலேயே இருக்கும். சுவரும் கூரையும் ஒரு நிதி, தரைத்தளமும் சுற்றுச்சுவரும் இன்னொரு நிதி என்று இரண்டு ஆணை இருந்தால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரே அளவுக்கு இரண்டு ஆணை இருந்தால் அது வேறு விவகாரம், எம்-புக் இரண்டையும் வாங்குங்கள். இன்னொன்றும் உண்டு: முந்தைய எம்.பி. செலவழிக்காமல் விட்ட நிதி அடுத்து வந்தவருக்குச் சேரும். பழையவர் பரிந்துரைத்து, இவர் காலத்தில் முடிந்து, இவர் ரிப்பன் வெட்டிய கட்டடங்களும் அறிக்கையில் இருக்கும். பரிந்துரைத் தேதியைத் தேர்தல் நடந்த 2024-ஓடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பலகையில் இருவர் பெயரையும் எழுதுங்கள், அதுதான் நியாயம்.

தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்த வாரங்களைக் கழித்துவிட்டுத் தாமதத்தைக் கணக்கிடுங்கள். பணி ஆணை கையில் இருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையை அந்தக் காலத்தில் தொடங்க முடியாது. சட்டமன்றத் தேர்தலுக்கும் இதே நிலைதான்.

---

தண்டவாளம்

ரயில் நிறுத்தம் யாரால் வந்தது என்று தேதிகளை அடுக்கித்தான் பார்க்க முடியும். ரயில்வே வாரிய உத்தரவில் "சோதனை அடிப்படையில்" என்று போட்டு, எந்தத் தேதியிலிருந்து என்று இருக்கும். தெற்கு ரயில்வே செய்திக்குறிப்பும் வரும். அதற்கு முன்னால் யார் யார், எப்போது, எந்த வழியில் கேட்டார்கள் என்று பாருங்கள். எம்.பி. என்றால் விதி 377 கோரிக்கை, அமைச்சருக்குக் கடிதம், பொது மேலாளர் கோட்ட வாரியாக நடத்தும் எம்.பி.க்கள் கூட்டம் ஆகிய மூன்று இடங்களில் தடயம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் வைத்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் ரயில்வே எழுத்தில் பதில் தரும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பயணிகள் சங்கம் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்திருந்தால் அதையும் சேருங்கள். மூன்று பேருக்கும் பங்கு இருக்கலாம். சோதனை நிறுத்தம் நிரந்தரமானது அல்ல, அந்த நிலையத்தில் டிக்கெட் வருமானம் போதவில்லை என்றால் எடுத்துவிடுவார்கள். ஆகவே அது இன்னும் நீடிக்கிறதா என்பதையும் எழுதிப்போடுங்கள்.

அறிக்கையில் புதிய பாதை, இரட்டைப் பாதை என்று ஏதாவது இருந்தால் ரயில்வேயின் பிங்க் புக்கைத் திறங்கள். ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் மண்டல வாரியாக வெளியிடுவார்கள். திட்டத்தின் பெயருக்கு நேரே அந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கும், தொகை ஆயிரம் ரூபாயில் குறிக்கப்படும். அதில் வெறும் "1" என்று இருந்தால் ஒதுக்கியது 1,000 ரூபாய். திட்டத்தைக் கைவிடவில்லை, வேலையும் நடக்காது என்று பொருள். திண்டிவனம்–திருவண்ணாமலை மாதிரி நெடுங்காலமாக இழுபடும் பாதைகள் இருக்கும் தொகுதிகளில் "திட்டத்துக்கு நிதி பெற்றுத் தந்தார்" என்ற வரியைப் பார்த்தால் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று ஆண்டுப் புத்தகத்தையும் ஒப்பிட வேண்டும், ஒரு ஆண்டு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

திஷா குழுவை யாரும் சொல்லவில்லையே. ஒன்றிய அரசுத் திட்டங்களை மாவட்டத்தில் கண்காணிக்கும் குழு அது; தலைவர் மக்களவை உறுப்பினர், உறுப்பினர் செயலர் கலெக்டர். காலாண்டுக்கு ஒரு கூட்டம் நடக்க வேண்டும். ஊரக வேலைத் திட்டம், வீடு கட்டும் திட்டம், குடிநீர் இணைப்பு எல்லாவற்றிலும் அதிகாரிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்க எம்.பி.க்கு உள்ளூரில் கிடைக்கும் ஒரே மேடை. எத்தனை கூட்டம் நடந்தது, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, முந்தைய கூட்ட முடிவுகள் மீது எடுத்த நடவடிக்கை அறிக்கை, இந்த மூன்றையும் ஓவர்சியர் சொன்ன முறையில் தனி மனுவாகக் கேளுங்கள். முகவரி அதே ஊரக வளர்ச்சி முகமைதான்.